கீழே கொட்டாத மோர்

கேள்வி: போன இதழில், குண்டு துளைக்காத கவச உடைக்கான கெவ்லர் நாரைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பெண்மணி ஸ்டெபனி குவோலெக்கைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். அதை வெட்டி வைத்துக்கொண்டு, எம்.எஸ்சி. முடித்து பாலிமர் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று என் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். எதையோ கலக்கப்போய் எதுவோ வந்தது. அந்த அம்மாவுக்கு அடித்தது அதிர்ஷ்டம். யாருக்கோ அடித்த அதிர்ஷ்டத்தை நம்பிப் பெண்ணை அனுப்ப முடியுமா? நெல்லும் உளுந்தும் விளைகிற ஊரில் இந்தப் படிப்புக்கு என்ன வேலை? பி.எட். முடித்தால் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்திலாவது சேரலாம் இல்லையா?
— ஒரு வாசகர், பேரளம்

பதில்: பி.எட். நல்ல படிப்பு. உங்கள் மகளுக்கு அதில் மனசு இருந்தால் நானே படிக்கச் சொல்வேன். மனசு வேறு பக்கம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துகிற வார்த்தை ஒன்றுதான்: அதிர்ஷ்டம். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் அய்யா. ஒரு பெண்ணின் பத்தொன்பது வருஷ உழைப்பை நாலு வரியில் எழுதி, அப்படி நினைக்க இடம் கொடுத்தது எங்கள் தவறு. இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

குவோலெக் 1923-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு காட்டில் சுற்றி, இலையும் விதையும் பொறுக்கி நோட்டில் ஒட்டிய குழந்தை. பத்து வயதில் அந்த அப்பா போய்விட்டார். அம்மாவுக்குத் தையல் வேலை. மகளும் பொம்மைக்குச் சட்டை தைத்துப் பழகினாள். நூலோடும் துணியோடும் அவருக்கு உறவு அங்கேயே தொடங்கிவிட்டது. டாக்டராக ஆசை, படிக்கக் காசு இல்லை. 1946-ல் வேதியியல் பட்டம் வாங்கியதும், கொஞ்ச காலம் வேலை பார்த்துப் பணம் சேர்க்கலாம் என்று டுபான்ட் என்கிற ரசாயனக் கம்பெனிக்குப் போனார். நேர்காணல் செய்தவர் ஹேல் சார்ச், ஈரம் புகாத செல்லோபேன் தாளை உருவாக்கியவர். "இரண்டு வாரத்தில் தகவல் சொல்கிறோம்" என்றார். இந்தப் பெண், "இன்னொரு இடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் முடிவு தெரியுமா?" என்று கேட்டார். சார்ச் அங்கேயே செயலாளரைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே வேலைக் கடிதத்தைச் சொல்லி எழுத வைத்தார். போரால் ஆண்கள் குறைந்திருந்த ஆய்வகங்களில் பெண்களுக்கு இடம் கிடைத்த காலம் அது. பல பெண்கள் சில வருஷத்தில் விலகிப் போனார்கள். இவர் நின்றார். மருத்துவப் படிப்பை மறந்தே போனார்.

அடுத்த பத்து வருஷம்தான் எங்கள் நாலு வரியில் விடுபட்டுப் போனது. பாலிமர் என்றால் சின்னச் சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த பொருள். நைலான் போன்ற பாலிமர்களைச் செய்ய 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காய்ச்ச வேண்டும். சில பாலிமர்கள் அந்தச் சூட்டைத் தாங்காது. உருகுவதற்கு முன்பே கருகிச் சிதைந்துவிடும். அவற்றைச் சூடேற்றாமல், சாதாரண அறை வெப்பத்திலேயே எப்படிச் செய்வது? 1950-களில் குவோலெக் முழுக்க முழுக்கக் கைவைத்த வேலை இது. 1959-ல் அவரும் பால் மார்கன் என்கிற சக ஆராய்ச்சியாளரும் வெளியிட்ட ஒரு செய்முறை இன்றைக்கும் உலகம் முழுக்க வகுப்பறைகளில் செய்து காட்டப்படுகிறது. ஒரு பீக்கரில் ஒரு கரைசல். அதன் மேல் இன்னொரு கரைசலை ஓரமாக, கலங்காமல் விட வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் தனித்தனியாக நிற்கும். நடுவில், அவை தொடுகிற இடத்தில், பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு படலம் படியும். இடுக்கியால் அந்த ஆடையைப் பிடித்து மேலே தூக்கினால் கயிறாக வரும். தூக்கத் தூக்கக் கீழே புது ஆடை படியும், கயிறு முடியாமல் வந்துகொண்டே இருக்கும். அதுதான் நைலான். நாகப்பட்டினத்துக் கரையில் காய்கிறதே வலை, அந்தக் குடும்பத்து நூல், அடுப்பே இல்லாமல். உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இதற்குப் பிறகுதான் 1965. டயருக்குள் வைக்க, எஃகுக் கம்பியைவிட இலேசான, உறுதியான நார் ஒன்று வேண்டும் என்று கம்பெனி தேடியது. பெட்ரோல் தட்டுப்பாடு வரும் என்ற கணிப்பு. வண்டியின் எடை குறைந்தால் எண்ணெய் மிச்சம். குவோலெக் எடுத்துக்கொண்டவை, உருக்க முடியாத அந்த முரட்டுப் பாலிமர்கள். தனக்குக் கைவந்த குறைந்த வெப்ப முறையில் அவற்றைச் செய்து, கரைக்கும் வழியையும் தேடினார்.

நூல் இழுக்கிற பாலிமர் கரைசல் எப்படி இருக்கும் என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு வருமே, அப்படித் தெளிவாக, கெட்டியாக, ஒழுகினால் இழையாக. இவருக்கு வந்தது தண்ணீராக ஓடியது. கலங்கல் வேறு, கலக்கினால் மினுமினுத்தது. மோர் மாதிரி இருந்தது என்றுதான் அதைச் சொல்வார்கள். நம் வீட்டு நீர்மோரை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராக இருந்தாலும், கலவை கெட்டுவிட்டது என்று தொட்டியில் கொட்டியிருப்பார்கள். கொட்டுவதுதான் வழக்கமும்.

அவர் அதை வடிகட்டினார். தூசியோ கரையாத துகளோ இருந்தால் கலங்கல் போய்விட வேண்டும். போகவில்லை. அப்படியென்றால் கலங்கல் கரைசலுக்கே உரிய குணம். அதை எடுத்துக்கொண்டு, நூற்பு இயந்திரத்தைக் கவனித்துவந்த சார்லஸ் ஸ்மல்லனிடம் போனார். முறுக்கு அச்சில் மாவைப் பிழிகிற மாதிரி, கரைசலை மிக நுண்ணிய துளைகள் வழியே பிழிகிற இயந்திரம் அது. ஸ்மல்லன் மாட்டேன் என்றார். கலங்கலாக இருக்கிறதே, துகள் போய்த் துளை அடைத்துக்கொண்டால்? குவோலெக் விடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் சம்மதித்தார். நூல் அறாமல் வந்தது. பலத்தைச் சோதித்த கணக்கைப் பார்த்து முதலில் நம்ப மறுத்தவர் குவோலெக்தான். யாரிடமும் வாய் திறக்காமல், திரும்பத் திரும்பச் சோதனைக்கு அனுப்பி, உறுதியான பிறகுதான் சொன்னார். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு பலம். அதிலிருந்து பிறந்ததுதான் கெவ்லர்.

ஏன் அந்த பலம் என்பதை நம் வயலில் வைத்தே சொல்லலாம். மெஷின் அறுத்துத் தள்ளிய வைக்கோல் தாறுமாறாகச் சிக்கிக் கிடக்கும். சாதாரண பாலிமரின் சங்கிலிகள் கரைசலில் அப்படித்தான் கிடக்கின்றன. கையால் அறுத்துக் கட்டிய கட்டில் தாள்கள் எல்லாம் ஒரே முகமாக இருக்கும். குவோலெக்கின் சங்கிலிகள் வளையாத குச்சிகள். கரைசலில் நெருக்கம் கூடியதும் தாமாகவே ஒரு திசையில் அணிவகுத்துவிட்டன. கலங்கலும் மினுமினுப்பும் அந்த அணிவகுப்பால் வந்தவை. தண்ணீராக ஓடியதும் அதனால்தான். துளை வழியே பிழிந்ததும் அணி இன்னும் இறுகியது. திரவப் படிகம் என்று இதற்குப் பெயர். கெட்டுப்போனதாகத் தெரிந்த ஒவ்வொரு அடையாளமும் உண்மையில் நல்ல அடையாளம். இது தெரியாமலேயே, கொட்டாமல் வைத்திருந்து பார்க்கத் தோன்றியதே, அந்தத் தோன்றலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷக் கையும் கண்ணும் இருந்தன.

நான் பி.எஸ்சி. படித்த கல்லூரியில் ஒரு நாள் உப்புப் பகுப்பாய்வு. வெள்ளையாகப் படிய வேண்டிய வீழ்படிவு பழுப்பாக வந்தது. "கொட்டிட்டு, ரெக்கார்டுல வெள்ளைன்னு எழுது, நேரமாச்சு" என்றார்கள். கவிழ்த்துவிட்டேன். தொட்டியில் தண்ணீரோடு சுழன்று போன அந்தப் பழுப்பு நிறம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. இது என் ஒருவன் கதை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். பக்கத்து பெஞ்சு ரீடிங்கோடு ஒத்துப்போகாத ரீடிங்கை அழித்து எழுதும்படிதான் நம் பிள்ளைகளைப் பழக்குகிறோம். பிறகு யாரோ ஒருத்தி அழிக்காமல் வைத்திருந்து ஒன்றைக் கண்டுபிடித்தால், அதிர்ஷ்டம் என்கிறோம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மறைக்கக் கூடாது. காப்புரிமையைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். கெவ்லர் சம்பாதித்த கோடிகளில் அவருக்குப் பங்கு வரவில்லை. தனி ஆளாக எல்லாம் செய்தார் என்றும் சொல்ல மாட்டேன். அடர் கந்தக அமிலத்தில் பாலிமரைக் கரைத்து, தொழிற்சாலை அளவில் நூற்கும் வழியைக் கண்டவர் ஹெர்பர்ட் பிளேட்ஸ். 1970-களில் நார் சந்தைக்கு வந்தது. குவோலெக் 1986-ல் ஓய்வு பெற்றார். 1996-ல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தார்கள். 2014 ஜூனில், 90 வயதில் இறந்தார். அவர் நாரில் செய்த கவச உடையால் உயிர் தப்பியவர்கள் என்று அமெரிக்கப் போலீஸ்காரர்களின் கணக்கு ஒன்று இருக்கிறது: 3,000-க்கும் மேல். துப்பாக்கி, குண்டு என்று எங்கேயோ நடக்கிற விஷயமாகத் தோன்றினால், இன்டர்நெட் கேபிள் இணைக்க வருகிற பையன் மெல்லிய ஃபைபர் வயரின் மேலுறையை உரிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி மஞ்சள் நூல் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் மேசைக் கத்தரியை எடுத்துக் கொடுத்தேன். நூல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர அறவில்லை. அவன் சிரித்துவிட்டுத் தன் பையிலிருந்து தனிக் கத்தரியை எடுத்தான். அந்த மஞ்சள் நூல் இந்த இனத்து நார்தான்.

நெல் விளைகிற ஊரில் என்ன வேலை என்றீர்கள். நெல்லே பாலிமர்தான் அய்யா. அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸ் என்கிற ஒரே சர்க்கரைக் கண்ணிகளைக் கோத்த சங்கிலிகள். கோர்வை ஒரு விதமாக இருந்தால் நமக்குச் சோறு. கொஞ்சம் மாறினால் மாட்டுக்குத் தீனி. திருபுவனத்துத் தறியில் ஓடுகிற பட்டும் பாலிமர். புழுவின் உடம்பில் திரவமாக இருந்த புரதம், வெளியே இழுபடும்போது ஒரே முகமாக அணிவகுத்து நூலாகிறது; குவோலெக்கின் பீக்கரில் நடந்ததற்குச் சொந்தக்காரர் முறை. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தோல் என்றால் கொலாஜன் என்கிற புரதம், அதுவும் பாலிமர். அதன் முச்சுருள் அமைப்பை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி உலகத்துக்குச் சொன்னவர்கள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே சிப்பெட் என்கிற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. நம் வாய்க்கால் மதகுகளில் அடைத்துக்கொண்டு நிற்கிற பாலித்தீன் பைகளுக்கு மாற்று கண்டுபிடிக்கப் போகிறவரும் பாலிமர் படித்தவராகத்தான் இருப்பார்.

மகள் பி.எஸ்சி. கடைசி வருஷம் என்றால் நேரம் கொஞ்சம்தான். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வு, வழக்கமாகப் பிப்ரவரியில் நடக்கும். கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்கிற தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், ஆராய்ச்சி செய்கிற காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேர்வு மையம் எந்த ஊரில் விழுந்தாலும், விடியற்காலை முதல் பஸ்ஸில் அவளோடு நீங்களும் போய் வாருங்கள்.