கல்ச்சர் தட்டில் முளைப்பதும் முளைக்காததும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்க (கல்ச்சர்) அகர் என்ற கூழைத் தட்டில் ஊற்றி, லூப் என்ற கம்பி வளையத்தால் கிருமியைக் கோடு இழுத்து, வெப்பம் மாறாத இன்குபேட்டர் பெட்டியில் வைக்கிறோம். மறுநாள் பார்த்தால் தட்டு முழுவதும் ஒரே பூச்சாக இருக்கிறது. தனிக் காலனி (ஒரே கிருமி பெருகி உண்டாகும் புள்ளி) கிடைப்பதே இல்லை. மூடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. எங்கே பிழை?

பதில்: அந்தத் தண்ணீரிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அகரை அதிகச் சூட்டில் ஊற்றியிருக்கிறீர்கள். ஆட்டோகிளேவிலிருந்து (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலம்) எடுத்த குடுவையை 50 டிகிரி செல்சியஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அந்தச் சூட்டுக்கு இறங்கிய பிறகே ஊற்ற வேண்டும். 40 டிகிரிக்குக் கீழே போகவிட்டால் குடுவைக்குள்ளேயே கட்டி தட்டிவிடும். 90 மி.மீ. தட்டுக்கு 18 முதல் 20 மி.லி. போதும். மெல்லிசாக ஊற்றினால் இன்குபேட்டரில் காய்ந்து விரிசல் விடும்.

உறைந்தவுடன் கோடு இழுக்காதீர்கள். வடிகட்டிய காற்று வீசும் லாமினார் ஃப்ளோ பெட்டிக்குள் மூடியைச் சற்று விலக்கி 20 நிமிடம் உலர விடுங்கள். சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்பில் ஈரம் மினுங்கக் கூடாது. இன்குபேட்டரில் அகர் மேலேயும் மூடி கீழேயும் இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். நேராக வைத்தால் மூடியில் கோத்த நீர் சொட்டி, காலனிகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்த்துவிடும்.

இனி லூப். காலனியை லூப்பின் நுனி தொட்டால் போதும். அந்தத் துளியிலேயே லட்சக்கணக்கான பாக்டீரியா வந்துவிடும். தட்டின் ஒரு கால்பாகத்தில் நெருக்கமாக இழுத்த பிறகு லூப்பைச் செக்கச் சிவக்கச் சுடுங்கள். கிருமி படாத அகர் ஓரத்தில் தொட்டு ஆற்றுங்கள். 'சுர்' என்றால் இன்னும் சூடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டோடு இழுத்தால் கிருமி பொசுங்கும், நுண்துளிகள் காற்றிலும் தெறிக்கும். ஆறிய லூப்பால் முதல் பகுதியின் ஓரத்தை இரண்டு மூன்று முறை மட்டும் குறுக்கே தொட்டு இரண்டாம் பகுதிக்கு இழுங்கள். மறுபடி சுட்டு மூன்றாவது, மறுபடி சுட்டு நான்காவது. நான்காம் பகுதிக் கோடு முதல் பகுதியைத் தொட்டுவிடக் கூடாது. இடையில் சுடுவதைச் சோம்பலில் விட்டுவிடுவதுதான் மாணவர்கள் பெரும்பாலும் செய்வது.

இத்தனையும் சரியாகச் செய்தும் அலை அலையாகப் படர்ந்தால் உங்கள் கைமேல் பழி இல்லை. அது புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். ஈரமே இல்லாத தட்டிலும் அது ஊர்ந்து பரவும். மக்கான்கி அகரில் போடுங்கள், அதிலுள்ள பித்த உப்பு அதன் ஓட்டத்தை அடக்கும்.

கேள்வி: ஆட்டோகிளேவில் ஊடகம் (கிருமி வளர்க்கும் உணவுக் கலவை) பொங்கி வழிகிறது. சில நாள் அகர் உறைவதே இல்லை. ஏன்?

பதில்: குடுவையில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் முடிந்த பிறகு அழுத்தமானி தானாகப் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு நீராவியைத் திறந்துவிட்டால் அழுத்தம் சட்டென்று விழுந்து ஊடகம் கொதித்துப் பொங்கும். உறையாததற்குப் பொதுவான காரணம், அகர் அடியில் படிந்து நிற்பதுதான். ஊற்றும் முன் குடுவையை மெதுவாகச் சுழற்றிக் கலக்க வேண்டும். குலுக்கினால் நுரை வரும். லிட்டருக்கு 15 கிராம் அகர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அமிலத்தன்மை கூடிய ஊடகத்தை அகரோடு சேர்த்துச் சூடாக்கினாலும் அகர் சிதைந்து கூழாகவே நிற்கும்.

கேள்வி: என் அம்மாவின் சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'பல வகைக் கிருமிகள் கலந்துள்ளன, மறுபடி மாதிரி அனுப்பவும்' என்று வந்திருக்கிறது. ஒன்றுக்குப் பதில் பல கிருமி என்றால் நோய் முற்றிவிட்டதா?

பதில்: இல்லை, பயப்பட வேண்டாம். சிறுநீர்த் தொற்றைப் பெரும்பாலும் ஒரே வகைக் கிருமிதான் உண்டாக்கும். மூன்று வகை ஒன்றாக முளைத்தால், வெளித்தோலிலிருந்து மாதிரியில் கலந்தவை என்றே ஆய்வகம் எடுத்துக்கொள்ளும்.

ஆய்வகம் பார்ப்பது எண்ணிக்கையை. 1 மைக்ரோலிட்டர் பிடிக்கும் லூப்பால் சிறுநீரைத் தட்டில் பரப்புவார்கள். 100 காலனி முளைத்தால் ஒரு மி.லி.க்கு 1 லட்சம் என்று கணக்கு. தொற்று என்பதற்கு நெடுங்காலமாக வைத்திருக்கும் எல்லை அதுதான். அறிகுறி இருப்பவர்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் பொருட்படுத்தத் தக்கதே. ஆனால் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா நல்ல ஊடகத்தில் 37 டிகிரியில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சிறுநீரில், அறை வெப்பத்தில் வேகம் குறையும், நிற்காது. டப்பா மேசையில் மணிக்கணக்கில் கிடந்தால், கலந்துவிட்ட சில நூறு கிருமிகள் லட்சத்தை எட்டிவிடும். ஆகவே மறுமுறை சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்கச் சொல்லுங்கள். 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேருங்கள், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும்.

கிருமி இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல. ஈ. கோலை தன் நுண்ணிழைகளால் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, சிறுநீர் அடித்துச் செல்லாதபடி தங்கி, அழற்சியை மூட்டும்போதுதான் எரிச்சலும் வலியும். வயதானவர்களுக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவுமில்லாமல் கல்ச்சரில் மட்டும் வளர்ச்சி தெரிந்தால் பொதுவாக மருந்து தேவைப்படாது. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு.

கேள்வி: உணவைக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடுமே. பிறகும் வாந்தி வருவது எப்படி?

பதில்: கிருமி சாகும், அது முன்பே சுரந்துவிட்ட நச்சு அழியாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சமைப்பவரின் கைப்புண், மூக்கு வழியாக உணவுக்கு வரும். அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் பெருகி, 100 டிகிரியில் அரை மணி நேரம் கொதித்தாலும் தாங்கும் நச்சைச் சுரக்கும். நச்சு தயாராக இருப்பதால் கிருமி வயிற்றுக்குள் பெருகவே வேண்டாம். சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி தொடங்கிவிடும். சூடாக்கிய அந்த உணவைக் கல்ச்சர் செய்தால் தட்டு வெறுமையாக இருக்கும், நச்சைத் தனியே தேட வேண்டும். உணவை நஞ்சாக்கும் இன்னொரு பாக்டீரியாவான பாட்டுலினம் இதற்கு நேர்மாறு. அதன் நச்சு 85 டிகிரியில் 5 நிமிடத்தில் அழியும், ஆனால் அதன் வித்துகள் (உறங்கும் நிலையிலுள்ள கடினமான வடிவம்) சாதாரணக் கொதிப்பில் சாகாது.

நச்சே நோய் செய்யும் என்பதற்குக் காலரா நல்ல உதாரணம். 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே, காலரா கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வடிநீரை முயல் குடலில் செலுத்தினார். குடலில் நீர் கோத்தது. அந்தக் கிருமி குடல்சுவரைத் துளைத்து உள்ளே போவதில்லை. மேலே ஒட்டிக்கொண்டு நச்சைச் செலுத்துகிறது, குடல் செல்கள் உப்பையும் நீரையும் கொட்டுகின்றன.

கேள்வி: 48 மணி நேரக் கல்ச்சரில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்தால் காசநோய் இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. காசநோய்க் கிருமி ஒருமுறை பிரியவே 15 முதல் 20 மணி நேரம் ஆகும், சாதாரண அகரில் வளராது. முட்டை சேர்த்த லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகத்தில் 8 வாரம் பார்த்த பிறகே 'இல்லை' என்பார்கள். திரவ ஊடகத்தில் 6 வாரம். தொழுநோய்க் கிருமியோ இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் வளர்ந்ததில்லை. காசநோய்ச் சந்தேகம் இருந்தால் மருத்துவர் அதைச் சீட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொதுவான கல்ச்சரில் அதை யாரும் தேடமாட்டார்கள்.