எண்பதுகளின் டிசைனர் தளபாடங்கள்: கேள்வி பதில்

உப்புவெளியிலிருந்து: மிலானில் இருந்த மாமா விட்டுப்போன புத்தகத் தட்டு. பல நிறம், சரிந்த பலகைகள். தகட்டில் 'மெம்ஃபிஸ், கார்ல்டன், 1981' என்றிருக்கிறது. லிமிட்டெட் எடிஷன்தானே?

இல்லை, தங்கச்சி. மெம்ஃபிஸ் என்பது மிலானில் இருந்த வடிவமைப்பாளர் குழு. அந்த 1981, குழுவின் எத்தோரே சொட்சாஸ் அதை வடிவமைத்த ஆண்டு. கார்ல்டன் எண்ணிக்கை வரம்பு போடாத உருப்படி, பிற்காலத்திலும் செய்து விற்றார்கள். மாமா எப்போது வாங்கினார் என்பதற்கு பில், பழைய படம் ஏதாவது இருந்தால் அதுதான் பெறுமதி. நம் கடற்காற்றில் லாமினேட், அதாவது பலகை மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், முதலில் விளிம்பில்தான் கிளம்பும். காய்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். பாலிஷ்காரரைக் கிட்டவே விடாதீர்கள்.

சீனக்குடாவிலிருந்து: அப்போ எதுதான் லிமிட்டெட்?

வடிவமைப்பாளர் மார்க் நியூசனின் லொக்ஹீட் லவுஞ்ச் என்ற சாய்வு இருக்கை. பத்து உருப்படி, அதற்கு மேல் கலைஞர் பிரதி (எண்ணிக்கையில் சேராமல் கலைஞருக்கென்று செய்தது) நான்கு, முன்மாதிரி ஒன்று. ஃபைபர்கிளாஸ் உடலின் மேல் அலுமினியத் தகடுகளைக் கையால் அடித்து வளைத்து, ரிவெட் போட்டு மூடியது. 2015இல் லண்டன் ஏலத்தில் ஒன்று 24 இலட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஷிரோ குராமாட்டாவின் மிஸ் பிளான்ச் கதிரை, 1988, இன்னொன்று: தெளிந்த அக்ரிலிக்குக்குள் செயற்கை ரோஜாக்கள். அதில் 56 மட்டுமே.

நிலாவெளியிலிருந்து: ஹோட்டல் விறாந்தைக்கு லொக்ஹீட் போல ஒன்று செய்விக்கலாமா?

நகல் என்று சொல்லியே வையுங்கள். இரும்பு ரிவெட் மட்டும் வேண்டாம். உப்புக்காற்றில் அதைச் சுற்றியிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும்.

மூதூரிலிருந்து: லாமினேட்டுக்கு எந்த பாலிஷ் நல்லது?

எதுவும் வேண்டாம்.

டொக்யார்ட் பக்கத்திலிருந்து: தாத்தாவின் முதிரைக் கதிரை, நேவி காலத்தது.

நல்ல மரம். பழைய மரச்சாமான் தெரிந்த தச்சரிடம் காட்டுங்கள், அது என் துறை இல்லை.

டொக்யார்ட் அண்ணை மறுபடி: முதிரையை விட்டுவிட்டு தேத்தண்ணிக்கடை மேசைத் தாளுக்கா காசு கொடுக்கிறார்கள்?

ஆமாம் அண்ணை, அந்தத் தாளுக்குத்தான்! மலிவான கடைகளில் ஒட்டும் லாமினேட்டைச் சொட்சாஸ் தெரிந்தே எடுத்தார். 1978இல் பாக்டீரியோ என்ற புழுப்புழுவான கோலத்தை அதற்கென்றே வரைந்தார். பணக்கார வீடு என்றால் தோலும் நல்ல மரமும் என்றிருந்த நேரத்தில் அதை வரவேற்பறைக்குள் கொண்டுவந்ததுதான் துணிவு. ஃபேஷன் டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்ட் தன் மொண்டே கார்லோ வீட்டையே மெம்ஃபிஸால் நிரப்பினார். பாடகர் டேவிட் போவி சேர்த்தவை 2016இல் ஏலத்துக்கு வந்தபோது விலை எங்கேயோ போனது. முதிரையின் அழகு மரத்தில் இருக்கிறது. இதன் அழகு வரைந்தவரின் முடிவில். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் ஒப்பமாட்டேன்.

கன்னியாவிலிருந்து: நிறம் மங்கிவிட்டது. பாலிஷ்...

மூன்றாம் தடவை: வேண்டாம். தகட்டையும் பின்பக்கத்தையும் கிட்ட வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.