துருப்பிடித்த பழைய பியர் விளம்பரத் தகட்டைப் புதுசு போல ஆக்குவது எப்படி?

ஆக்காதீர்கள். பதில் அவ்வளவுதான். மிச்சம் என் வயிற்றெரிச்சல்.

யாரோ வீட்டுக் கோழிக்கூட்டிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றி வந்து முற்றத்தில் வைத்திருக்கிறீர்கள், தேய்க்கச் சொல்லிக் கை துருதுருக்கிறது என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் நின்றேன்.

எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். அம்மப்பா கடற்படைத் தளத்துக் கன்ரீனில் வேலை செய்தவர். 1957ல் வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, அங்கே சும்மா கிடந்த தகடொன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாஸ் என்கிற இங்கிலாந்து பியரின் எனாமல் தகடு. வெள்ளையில் சிவப்பு முக்கோணம். வீட்டில் யாரும் அதை மதித்ததில்லை. கிணற்றடிக் கல்லுக்கு மேல் போட்டு அம்மா அதில்தான் மீன் வெட்டினா. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் செதிலெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும், வெடுக்கும் நிற்காது. சூரை வெட்டுகிற நாளில் முக்கோணம் எது, இரத்தம் எது என்று தெரியாது.

அந்த முக்கோணம் இங்கிலாந்தில் 1876ல் பதிந்த முதலாம் இலக்க வணிகக் குறி. பிரெஞ்சு ஓவியர் மனே 1882ல் வரைந்து முடித்த பாரிஸ் மதுக்கூட ஓவியத்தில், மேசையில் நிற்கிற போத்தலிலும் அதே முக்கோணம்தான். இதெல்லாம் தெரிய வந்ததும் எனக்குக் குடிக்காமலே தலைக்கேறிவிட்டது. அம்மாவுக்கு ஒரு பலகை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தகட்டைப் பறித்தேன். ஆணி ஓட்டைகளைச் சுற்றி மட்டும் துரு. கக்கூஸ் கழுவுகிற அசிட்டை ஊற்றி, சட்டி தேய்க்கும் கம்பிச்சுருளால் அரை மணித்தியாலம் தேய்த்தேன். துரு போனது. மினுக்கமும் போனது. சிவப்பு, செங்கட்டி நிறத்துக்கு வெளிறி, தடவினால் சுண்ணாம்புச் சுவர் போலச் சொரசொரத்தது.

அம்மா வந்து பார்த்தா. "நாப்பது வருசமா மீன் வெட்டினனான், இப்பிடி ஆகேல்லை" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

எனாமல் என்பது பெயின்ட் இல்லை, கண்ணாடி. கண்ணாடித் தூளை இரும்புத் தகட்டில் பூசி, 800 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்தையும் பூசித் தனித்தனியாகச் சூளையில் வைப்பார்கள். அசிட் அந்தக் கண்ணாடியை அரிக்கும். போன மினுக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வீட்டில் வழியில்லை. சவர்க்காரத் தண்ணீரில் மெல்லிய துணியால் துடையுங்கள், நன்றாகக் காயவிடுங்கள், துரு உள்ள இடத்தில் கொஞ்சம் மெழுகு தடவுங்கள். எங்கள் ஊர்போல உப்புக்காற்று அடிக்கிற இடமென்றால் கடல் பக்கச் சுவரில் மாட்டாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அசலா என்று முதலில் பாருங்கள். நிறம் மாறுகிற விளிம்பில் நகத்தை ஓட்டினால் படி ஏறுகிற மாதிரித் தட்டுப்படும். அச்சடித்த போலியில் வழுக்கிக்கொண்டு போகும். எனாமல் உடையாத இடத்தில் துரு வராது. நட்ட நடுவில் பூப்பூவாக அழகாகத் துரு படர்ந்திருந்தால் யாரோ மினக்கெட்டு வரவைத்தது. உல்லாச விடுதிகளில் தொங்குவதில் பாதி அப்படித்தான்.

குடியை வளர்க்கிறான் என்று எழுத வருபவர்களுக்கு: நான் தேத்தண்ணிக்கு மேல் போனதில்லை. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடை செய்திருப்பதும் தெரியும். தகடு இருப்பது என் படுக்கையறையில். அதைப் பார்த்து யாரும் தவறணைக்குப் போகப்போவதில்லை. கலியாணம் பேச வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக்கூட முடிக்காமல் எழும்பினது வேறு கதை.

சொல்ல வந்ததோடு சொல்கிறேன், பழைய இரும்பு எடுக்கிற லொறிக்காரரை யாராவது கேட்கமாட்டீர்களா? மத்தியானம் இரண்டு மணிக்கு, மனிதன் கண்ணயர்கிற நேரம் பார்த்து ஒலிபெருக்கி. பாண் ஓட்டோவாவது பாட்டுப் போடுகிறது. இது பதிவுசெய்த குரல், "பழைய பற்றரி, பழைய இரும்பு" என்று தெருமுனை தாண்டும்வரை நிற்காது. மாமி வீட்டில் இருந்த இரண்டு தகடுகளும் நிறுத்துக் காசாகி அந்த லொறியில்தான் போயின.

பலகையில் வெடுக்குப் போகுதில்லையாம். "அதுதான் பழுதாப் போச்சே, இனித் தாவன்" என்று அம்மா போன கிழமையும் கேட்டா.