அழுத்தம் எந்தச் சொல்லில்?

கேள்வி: ஆங்கில நேர்முகத் தேர்வுகளில் இலக்கணப் பிழையில்லாமல்தான் பேசுகிறேன். ஆனாலும் "மறுபடி சொல்லுங்கள்" என்கிறார்கள். சத்தமாகப் பேச வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். சத்தத்தைக் கூட்டினால் எல்லாச் சொல்லும் சேர்ந்தே கூடும். எது முக்கியம் என்பது அப்போதும் தெரியாது. தமிழில் 'நான்தான் செய்தேன்', 'அதைத்தான் செய்தேன்' என்று ஒட்டிவரும் 'தான்' அழுத்தத்தைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் குரல்தான் அதைச் செய்ய வேண்டும்.

'ஐ டெஸ்டட் த பேமென்ட் மாட்யூல்' என்பதில் 'ஐ'யை அழுத்தினால், வேறு யாருமில்லை, நான்தான் என்றாகும். 'டெஸ்டட்'டை அழுத்தினால் எழுதியவர் வேறொருவர், சோதித்தது நான் என்று தொனிக்கும். ஆகவே கேட்ட கேள்வியைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். "உங்கள் பங்கு என்ன?" என்றால் அழுத்தம் 'டெஸ்டட்'டில். "எந்தப் பகுதி?" என்றால் 'பேமென்ட்'டில்.

அந்தச் சொல்லின் அழுத்த அசையைச் சற்று நீட்டி, சுருதியைக் கொஞ்சம் ஏற்றி, முடிந்ததும் அரை விநாடி நிறுத்துங்கள். சிறிய வாக்கியத்துக்கு ஒரு சொல் போதும். நாலைந்தை அழுத்தினால் கோபமாகப் பேசுவதுபோல் இருக்கும்.

சொல்லுக்குள்ளும் அழுத்தத்துக்கு இடம் உண்டு. 'டெவலப்'பில் அது இரண்டாம் அசை. 'கரியர்' என்பதிலும் இரண்டாம் அசைதான். முதல் அசையை அழுத்தினால் டிபன் கேரியர் ஆகிவிடும்! எண்களில் இன்னும் கவனம் தேவை. 'ஃபிஃப்டீன்' தனியாக வந்தால் அழுத்தம் கடைசி அசையில். 'ஃபிஃப்டீன் பீப்பிள்' என்னும்போது அது முன்னால் நகர்ந்துவிடுவதால் 50 என்று கேட்க வாய்ப்புண்டு. 'ஒன் ஃபைவ்' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சிக்கு, ஒரு நிமிட அறிமுகத்தை எழுதி, வாக்கியத்துக்கு ஒரு சொல்லை அடிக்கோடிடுங்கள். பேசி, போனில் பதிவுசெய்து, தாளைக் காட்டாமல் தோழியைக் கேட்கச் சொல்லுங்கள். தூக்கலாகக் கேட்ட சொற்களை அவர் குறிக்கட்டும். உங்கள் அடிக்கோட்டோடு பொருந்தாத இடங்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் இருக்கும். மூச்சு தீர்ந்து குரல் அமுங்கும் இடம் அது. நீங்கள் சாதித்ததைச் சொல்லும் எண்ணும் அங்கேதான் வரும். வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் சரியாகும்.

கேள்வி: ஆன்லைன் நேர்காணலுக்கும் இது பொருந்துமா?
- வாசகர், மதுரை

பதில்: பொருந்தும். ஆனால், பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி சில நேரம் தணிந்த குரலையும் வெட்டிவிடும். அதனால் கடைசிச் சொல்வரை குரலை இறக்காதீர்கள். மைக் வாய்க்கு நேரே வேண்டாம், இரண்டு விரல் அளவு பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே இருந்தால் 'ப', 'ஃப' ஒலிகளின் காற்று மோதி, அழுத்திய சொல்லே கரகரக்கும்.