லயத்து வீட்டில் பலகாரம் செய்து கடைகளில் விற்க என்ன அனுமதி வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது: "அம்மா தோட்டத்து லயத்து வீட்டில் முறுக்கு, நெய் உருண்டை, மாங்காய் ஊறுகாய் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறார். டவுன் கடைகளிலும் வைக்க ஆசைப்படுகிறார். லைசென்ஸ் வேண்டுமா?"

சுங்கை சிப்புட்டில் நானும் என் மாமியாரும் எட்டு வருடமாக இதே வேலையைத்தான் செய்கிறோம். அதனால் நாங்கள் நடந்த வழியையே சொல்கிறேன்.

வீட்டில் செய்வதற்குச் சட்டம் ஒன்றும் இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். மலேசியாவின் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம் விற்பனைக்கு வரும் எந்த உணவுக்கும் பொருந்தும். வீட்டு அடுப்பா, ஃபேக்டரி அடுப்பா என்று பார்க்காது. உடம்புக்குக் கெடுதல் செய்யும் உணவை விற்றால் 100,000 வெள்ளி வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமேகூட விதிக்கலாம். சமைக்கும் இடம் சுத்தமாக இல்லை என்றால் 14 நாள் வரை மூடச் சொல்லவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அம்மா பயந்து அடுப்பை அணைத்துவிட வேண்டாம். முறையாகச் செய்ய ஆகும் செலவு அவ்வளவு பெரியதில்லை.

முதலில் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு. சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அம்மா பெயரிலேயே பதியுங்கள். "அம்மாவுக்கு ஃபாரம் எழுதத் தெரியாது, நான் என் பெயரில் போட்டுக்கொள்கிறேன்" என்று பிள்ளைகள் சொல்வதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். முறுக்குப் பிழிந்து கை காய்த்தது அவருக்கு, தொழில் இன்னொருவருக்கா? நாளைக்கு, சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவர்களுக்கென்று இருக்கும் ஸ்பூமி கடனுக்கு மனுப்போட வேண்டுமென்றால், அந்தப் பதிவில் இருக்கும் பெயரைத்தான் பார்ப்பார்கள். சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருக்கும் நிரந்தரவாசியும் எஸ்எஸ்எம்மில் பதியலாம். தோட்டங்களில் நிறைய அம்மாமார் இது தெரியாமலேயே ஒதுங்கிவிடுகிறார்கள்.

அடுத்தது 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள். உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிக்குப் போக வேண்டும், தைஃபாய்டு ஊசியும் போட வேண்டும். உருண்டை பிடிக்க உதவிக்கு வரும் சித்திக்கும் இது உண்டு. வகுப்பு அரைநாள்கூட ஆகாது. நாங்கள் போனபோது முழுக்க மலாயில்தான் நடந்தது. மாமியார் கூடவே உட்கார்ந்து நான் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தேன். ஊசியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும். சமைக்கும் இடத்தை அமைச்சின் ஃபோசிம் இணையத் தளத்தில் பதிவதற்குக் கட்டணம் இல்லை. பதியாமல் விட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம் இருக்கிறது.

நகராண்மைக் கழக லைசென்ஸ்தான் இடத்துக்கு இடம் மாறும். ஒவ்வொரு கழகத்துக்கும் தனித் துணைச் சட்டம் இருப்பதால், இன்னொரு ஊர்க்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எங்களிடம் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது, நம் பெயரில் ஒரு துண்டுத் தாளும் கிடையாது. மாமியார் நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய், பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தர்) இரண்டு பாக்கெட் முறுக்கை வைத்து, "ஐயா, முப்பது வருஷம் பால்மரம் வெட்டினேன், இப்ப இதுதான் எனக்கு வேலை" என்றார். அந்த வாரமே கடிதம் வந்தது. நீங்களும் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

இனி லேபிள். எங்களுக்கு அடி விழுந்தது இதில்தான். முதல் வருடம் ஒரு மளிகைக் கடையில் அறுபது பாக்கெட் ஓமப்பொடி வைத்தோம். பாக்கெட்டில் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான். மூன்றாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டு, "அக்கா, வந்து எடுத்துக்குங்க. தேதி இல்ல, என்ன போட்டிருக்குன்னு இல்ல, சோதனைக்கு வந்தா என்னையும் சேத்துத்தான் கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். 1985 உணவு விதிமுறைகளின்படி உணவின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், காலாவதித் தேதி எல்லாம் மலாயில் இருக்க வேண்டும். தமிழிலும் சேர்த்துப் போடலாம். சேர்மானங்களில் எடை கூடியது முதலில் வரும்.

ஒவ்வாமை தரும் பொருள்களையும் சொல்லியாக வேண்டும். நெய் உருண்டை என்றால் பால், அச்சு முறுக்கு என்றால் முட்டை. பெருங்காயத்தை மறந்துவிடாதீர்கள்! டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசிமாவு முறுக்குதானே என்று நினைத்துக் கோதுமையை எழுதாமல் விட்டால், அது சேராத பிள்ளை சாப்பிட்டுவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று நானும் மாமியாரும் இருந்த லேபிளையெல்லாம் கிழித்து மறுபடி ஒட்டினோம்.

ஊறுகாய்க்குப் பதப்படுத்தும் பொருள் சேர்த்தால் அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது, லேபிளிலும் எழுத வேண்டும். முறையான சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்று நீங்களாக எதிலும் போடாதீர்கள். பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகும்போது மெஸ்தி என்கிற சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அது பிறகு பார்க்கலாம். வீட்டுக் கொல்லையில் காய்க்கும் மாங்காயையும் முருங்கையையும் விற்க, 1985-இலிருந்து ஃபாமா (அரசின் விவசாயச் சந்தை வாரியம்) நடத்தும் பாசார் தானி என்ற விவசாயிகள் சந்தை நல்ல இடம்.

தீபாவளி நெருங்கிவிட்டால் ஆர்டர் குவியும், ஆபீஸ் படி ஏற நேரம் இருக்காது. மூன்று மாதம் முன்பே தோட்டத்துக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். எங்களுக்கு அந்த வாரமே கிடைத்தாலும், சில தோட்டங்களில் அதற்கு நாளாகலாம். மற்றதெல்லாம் எங்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் நடந்துவிட்டது.