நீ கட்டினாயா, நீயா கட்டினாய்?

கேள்வி: சார்ஜாவில் ஒரு கம்பெனியில் வேலை. அரபியில் வரும் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதித் தருவதும் என் தலையில்தான். 'வந்தார் மேனேஜர்' என்றும் எழுதுகிறார்கள், 'மேனேஜர் வந்தார்' என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் நான் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறேன். தப்பா?

பதில்: பாதி நேரம் தப்பில்லை. ஆங்கில வாக்கியத்தில் முதல் நாற்காலி பெரும்பாலும் எழுவாய்க்குத் துண்டு போட்டு வைத்தது. உட்கார ஆள் இல்லையென்றால்கூட காலியாக விட மாட்டார்கள், மழை பெய்வதற்குக்கூட 'இட்' என்று ஒரு பொம்மையை உட்காரவைத்து 'இட் இஸ் ரெய்னிங்' என்பார்கள். அரபியில் அந்தக் கட்டாயம் இல்லை. வினையில் தொடங்கினால் அது ஜும்லா ஃபிஅலிய்யா, பெயரில் தொடங்கினால் ஜும்லா இஸ்மிய்யா. இந்த இரண்டாவதில் முதலில் நிற்கும் பெயர் முப்ததா, அதைப் பற்றிச் சொல்லப்படுவது கபர். கபர் என்றாலே சேதிதான்.

'ஆண்கள் வந்தார்கள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜாஅர் ரிஜாலு' என்று வினை முன்னால் வந்தால், வருவது பத்துப் பேரானாலும் வினை ஒருமையிலேயே நிற்கும். 'அர்ரிஜாலு ஜாஊ' என்று திருப்பினால் வினைக்குப் பன்மை வந்துவிடுகிறது. அந்தக் கடைசி 'ஊ'வைப் பழைய இலக்கணக்காரர்கள் 'அவர்கள்' என்ற பிரதிப்பெயராகவே கணக்கில் வைத்தார்கள். அதாவது, 'அந்த ஆண்கள் இருக்கிறார்களே, அவர்கள் வந்தார்கள்'. முதலாவது நடந்ததைச் சொல்கிறது, இரண்டாவது ஆளை முன்னால் நிறுத்திவிட்டு அப்புறம் பேசுகிறது. 'ஸைதுன் அபூஹு தபீபுன்' இன்னும் தெளிவு: ஸைத் இருக்கிறானே, அவன் அப்பா டாக்டர். ஆங்கிலத்தில் வழக்கம்போல 'ஸைத்ஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்' என்று எழுதினால் பேச்சு சத்தமில்லாமல் ஸைதிடமிருந்து அப்பாவிடம் போய்விடுகிறது. நீங்கள் நழுவுகிற இடம் அநேகமாக இதுதான்.

இதை 11ஆம் நூற்றாண்டிலேயே பிட்டுப் பிட்டு வைத்தவர் அரபி இலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி, இன்றைய ஈரானில் இருக்கும் குர்கான்காரர். அரபிக் கேள்வியில் 'அ' என்ற எழுத்தை ஒட்டி வினை வந்தால் சந்தேகம் செயல்மேல், பெயர் வந்தால் சந்தேகம் ஆள்மேல் என்கிறார். அவர் காட்டும் உதாரணமும் வீடு கட்டுவதுதான். கட்டப்போகிறேன் என்று சொன்ன வீட்டை நீ கட்டினாயா? இந்த வீட்டை நீயா கட்டினாய்? முதல் கேள்வியில் வீடு எழும்பியதா என்றே தெரியாது, இரண்டாவதில் வீடு கண்ணெதிரே நிற்கிறது. தமிழில் 'ஆ'வை இடம் மாற்றினால் வேலை முடிந்தது, நமக்கு இதைப் பாடமாகச் சொல்லித்தரவே வேண்டாம்! ஆங்கிலக்காரர் பேசும்போது 'யூ'வை அழுத்திச் சொல்லித் தப்பித்துவிடுவார், எழுதும்போது 'வாஸ் இட் யூ ஹூ' என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே கடிதத்தில் பெயர் முன்னால் நின்றால் முந்தின வாக்கியத்தை ஒருமுறை பாருங்கள். வேறொருவரோடு ஒப்பிட்டோ, பேச்சை அவர் பக்கம் திருப்பியோ எழுதியிருந்தால் 'ஆஸ் ஃபார்' போட்டுத் தொடங்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் அரபியில் இதைத் தேடாதீர்கள். பேச்சு அரபியில் பெயர் முன்னால் வருவது சர்வசாதாரணம்.

கேள்வி: குர்ஆனில் வரும் 'இய்யாக்க நஅபுது' என்பதைத் தமிழில் 'உன்னையே வணங்குகிறோம்' என்கிறார்கள். அந்த 'ஏ' எங்கிருந்து வந்தது?

பதில்: வரிசையிலிருந்து. 'நஅபுதுக்க' என்றால் வெறுமனே 'உன்னை வணங்குகிறோம்'. 'உன்னை' என்பதைப் பிரித்தெடுத்து வினைக்கு முன்னால் வைத்ததும் 'வேறு யாரையும் இல்லை' என்ற பொருள் சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் பலர் இதற்கு 'அலோன்' என்று தனியாக ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். நமக்கு ஒரு ஏகாரம் போதும்.