ஆக்ஸ்ஃபோர்டில் மக்களை அவரவர் பகுதிக்குள் அடைக்கத் திட்டமிட்டார்களா?

'15 நிமிட நகரம்' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் மக்களை அடைக்கத் திட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இரண்டு திட்டங்களைக் குழப்பியதில் பிறந்த வதந்தி அது.

கடையும் மருத்துவரும் 15 நிமிடத்தில் நடக்கிற தூரத்தில் இருக்கட்டும் என்பது நகர மன்றத்தின் யோசனை. '15 நிமிட நகரம்' என்பது அதுதான். நெரிசலைக் குறைக்க, அனுமதியில்லாத கார்களைக் கண்டுபிடிக்கும் கேமராக்களை ஆறு இடங்களில் வைப்பது கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) மன்றத்தின் திட்டம். அங்கே தடுப்பு எதுவும் கிடையாது. பஸ், டாக்சி, சைக்கிள் போகலாம். அனுமதி வாங்கிய நகரவாசிகள் ஆண்டுக்கு 100 நாள் வரை காரிலும் கடக்கலாம். அப்புறம், சுற்றுச் சாலை எப்போதும் திறந்துதான் இருக்கும்.

இந்த வதந்தியால் மன்ற ஊழியர்களுக்கு வசைகள் வந்த நிலையில், 2022 டிசம்பரில் இரு மன்றங்களும் கூட்டாக விளக்கம் வெளியிட்டன. ஆனால் சுற்றிப் போனால் நேரமாகும், வியாபாரம் குறையும் என்ற உள்ளூர்க்காரர்களின் கவலை வேறு. அது நியாயமான கேள்வி. வதந்தியோடு சேர்த்து ஒதுக்கக் கூடாது.